‘டாலி எம்’ பதக்கம்: யார் அந்த டாலி?

ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆட்டங்களைப் பார்ப்பவரா நீங்கள்? பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ‘டாலி எம்’ பதக்கம் பற்றித் தெரிந்திருக்கும். அந்த டாலி, 1883இல் சிட்னியில் பிறந்த ஹெர்பர்ட் ஹென்றி மெசெஞ்சர்.

காசு வாங்கினால் குற்றமா?

அப்போது இருந்தது ரக்பி யூனியன். அதில் சம்பளம் கிடையாது. ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் கூலி போச்சு, அவ்வளவுதான். அதில் கோபப்பட்டவர்கள் 1907இல் தனி அமைப்பு தொடங்கினார்கள். ஆனால் கூட்டம் வர ஒரு நட்சத்திரம் வேண்டுமே! டாலியைக் கேட்டார்கள், அவருடைய தாயாரிடமும் பேசிச் சம்மதம் வாங்கினார்கள்.

அந்த ஆகஸ்ட் மாதம் நியூசிலாந்துத் தொழில்முறை அணியுடன் சிட்னியில் முதல் ஆட்டம். சுமார் 20,000 பேர் திரண்டார்கள். எதிரணிக்கே டாலியைப் பிடித்துப்போனது. தங்கள் பிரிட்டன் பயணத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள்!

அதற்கு அவர் கொடுத்த விலை?

யூனியன் அவரை ஒதுக்கிவைத்தது. அதே ஆண்டுதான் ஆஸ்திரேலிய யூனியன் அணிக்காக ஆடியிருந்தார். அந்தச் சாதனைகளையும் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். (இது கொஞ்சம் அதிகம்தான்.)

லீக்கில் அவருக்கு ஏறுமுகம். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் குழு 1911, 1912, 1913 என மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றது. அதோடு ஓய்வுபெற்றார்.

டாலி 1959இல் காலமானார். யூனியன் அவருடைய சாதனைகளை ஏட்டில் திரும்பச் சேர்த்தது 2007இல்.