டின் டிக்கட்டிலிருந்து வை-பை வரை: உள்ளே இருப்பது யார்?

 

நம் பாடசாலை, பள்ளிவாசல், கடை, தோட்டத்து அலுவலகம் எல்லாவற்றிலும் இப்போது வை-பை வந்துவிட்டது. இந்த நிமிடம் அதில் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரியாது. உள்ளே வருவது யார், அவர் எந்த ஏட்டில் பதியப்பட்டார், அந்த ஏடு யார் கையில் என்ற கேள்விகள் நம் மலையகத்துக்குப் புதியவை அல்ல.

1900களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு 'டின் டிக்கட்' கொடுத்தார்கள். அது ஒரு சிறிய தகர வில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதை அதில் பொறித்த அடையாளம் காட்டும். அதைக் காட்டினால் கையில் காசில்லாமலே பயணம் செய்யலாம். ஆனால் அந்தச் செலவு பின்னர் தொழிலாளியின் கடனாக வந்து நிற்கும். கடல் கடக்கும் முன் மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தோட்டத்துக்கு வந்த பின் பிரட்டும் செக்ரோலும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. ஆங்கில ஆவணங்களிலும் அதற்கு அதே தமிழ்ச் சொல்தான். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பதுளைக்கு ரயில் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1924இல்.

அடையாளம், பரிசோதனை, அனுமதி. இதே மூன்று படிகளைத்தான் இன்று கணினி உலகம் 'வலையமைப்பு அணுகல் கட்டுப்பாடு' என்கிறது. அங்கே இவை மனிதருக்கு அல்ல, கருவிகளுக்கு.

ஆரம்பத்தில் கேபிளைச் செருகினால் போதும், எந்தக் கணினியும் உள்ளே வந்துவிடும். 2001இல் 802.1எக்ஸ் என்ற தரநிலை வந்தது. இணைப்பைத் திறக்கும் முன்பே 'நீ யார்' என்று கேட்கும் முறை அது. அதன் தேவையை 2003 ஜனவரி உலகத்துக்கு உணர்த்தியது. ஸ்லாமர் என்ற கணினிப் புழு சில நிமிடங்களில் பல்லாயிரம் கணினிகளுக்குப் பரவியது. அமெரிக்காவின் ஒஹையோவில் டேவிஸ்-பெஸி அணு மின்நிலையத்துக்குள்ளும் புகுந்தது. அங்கே முன்வாசலில் தடுப்பு இருந்தது. புழு வந்ததோ ஓர் ஒப்பந்தக்காரரின் இணைப்பு வழியாக. பாதுகாப்பு நிலையைக் காட்டும் திரை மணிக்கணக்கில் முடங்கியது. அந்த நேரம் உலை ஏற்கனவே நிறுத்தப்பட்டிருந்தது நல்ல காலம்.

அதன் பின்னர் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. யார், என்ன கருவி, அதன் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்த்து, சரியில்லாத கருவியைத் தனிப் பகுதியில் ஒதுக்கி வைக்கும் முறைகள் வந்தன. அதற்குப் பெயர் 'குவாரன்டைன்'. மண்டபம் முகாமுக்கு இருந்த அதே பெயர்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாததைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் 12 எழுத்து-இலக்கங்கள் கொண்ட மெக் முகவரி உண்டு. பொதுவாக அதன் முதல் பாதி தயாரிப்பாளரைச் சொல்லும். பிரிண்டரோ கேமராவோ நம்மைப்போலக் கடவுச்சொல்லைத் தட்டாது. அவற்றை இப்படித்தான் இனங்காண வேண்டும். 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடிப் பிடித்தது. ஒக்டோபர் 21ஆம் திகதி அவற்றைக்கொண்டு டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர் உட்படப் பல தளங்கள் தடுமாறின. அந்தக் கேமராக்களோ வழமைபோலப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2023 ஓகஸ்ட்டில் அரச மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் தொலைந்தன. காலங்கடந்த 2013ஆம் ஆண்டு மென்பொருள் பதிப்பு பாவனையில் இருந்தது அப்போது வெளிவந்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்ப்பது மட்டும் போதாது, பார்த்ததைத் திருத்தவும் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செக்ரோலில் ஒவ்வொரு நாளும் பெயர் எழுதப்பட்ட மக்களுக்கு 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் நாட்டின் ஏட்டில் இடமில்லாமல் போனது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் காயம் முழுமையாக ஆறவில்லை. வேலை வாங்கும் ஏடு எல்லாமே உரிமை தரும் ஏடு அல்ல. இன்றைய கைத்தொலைபேசிகள் மெக் முகவரியை மாற்றிக் காட்டுவதும் தம் உரிமையாளர் பின்தொடரப்படாமல் இருக்கத்தான். எனவே கருவிகளின் பட்டியல், பிள்ளைகளை உளவு பார்க்கும் பட்டியலாக மாறக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை:

1. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளை ஒரு கொப்பியில் எழுதுவோம். தெரியாதது இருந்தால் விசாரிப்போம்.
2. ரவுட்டர், கேமராவோடு வந்த கடவுச்சொற்களை மாற்றுவோம்.
3. விருந்தினருக்கும் மாணவருக்கும் தனி வை-பை வைப்போம். அலுவலகக் கணினியும் புள்ளிப் பதிவும் அதில் வேண்டாம்.
4. அந்தக் கொப்பி யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதைப் பெற்றோருக்கும் ஜமாஅத்தாருக்கும் முன்கூட்டியே சொல்வோம்.

நான்காவதை யாரும் விட்டுவிடாதீர்கள். துண்டின் கதை தெரிந்த ஊர் இது.