தோற்றவர் எழுதும் போர் வரலாறு

வரலாற்றை வென்றவரே எழுதுகின்றனர் என்பார்கள். கல்வெட்டும் பரணியும் வெற்றித் தூணும் இதற்குச் சான்று பகரும். அப்படியானால், தோற்ற நாடொன்று தன் படைகளின் வரலாற்றை எவ்வாறு எழுதும்? தோல்வியோடு பெருங்குற்றமும் சேர்ந்துகொண்டால், அதைத் தன் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு எடுத்துச் சொல்லும்? கடந்த முப்பது ஆண்டுகளாக ஜெர்மனி நூல்களாலும் கண்காட்சிகளாலும் இக்கேள்விக்கு விடை தேடி வருகிறது. அத்தேடலைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆயுதப் படைகளான வேர்மாக்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 1945க்குப் பின் அந்நாட்டில் ஓர் ஆறுதல் கதை வேரூன்றியது. கொடுமைகளைச் செய்தவர்கள் ஹிட்லரும் அவருடைய எஸ்.எஸ். படையினருமே, சாதாரணப் போர்வீரனோ கடமையை மட்டும் செய்த தூயவன் என்பதே அக்கதை. ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் சீருடை அணிந்த தந்தையோ அண்ணனோ இருந்த நாட்டில் இக்கதை எளிதில் நம்பப்பட்டதில் வியப்பென்ன?

1995ஆம் ஆண்டு ஹம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் திறந்து வைத்த கண்காட்சி இக்கதையை அசைத்தது. கிழக்கு முனையில் பொதுமக்களையும் யூதர்களையும் போர்க்கைதிகளையும் அழித்ததில் படைகளுக்கு இருந்த பங்கை அது வெளிப்படுத்தியது. சிறைப்பட்ட சோவியத் வீரர்களுள் மட்டும் 30 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதை நாம் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கண்காட்சிச் சுவர்களில் தொங்கிய படங்களுள் பல, வீரர்களே எடுத்து வைத்திருந்தவை. இலட்சக்கணக்கானோர் வந்து பார்த்தனர். 1997இல் மியூனிக் நகரில் அதை எதிர்த்துப் பெரும் ஊர்வலம் நடந்தது; அவ்வாண்டு மார்ச்சில் நாடாளுமன்றமே இதுபற்றி விவாதித்தது. 1999 மார்ச்சில் சார்புரூக்கன் நகரில் கண்காட்சி நடந்த கட்டடத்தில் குண்டு வெடித்தது.

ஆயினும் கண்காட்சியை நிறுத்தியது குண்டு அன்று, ஆய்வாளரின் பேனாவே. சில படங்களில் கிடந்த உடல்கள் சோவியத் இரகசியக் காவல்துறையினரால் கொல்லப்பட்டோருடையவை என்று போலந்து நாட்டில் பிறந்த வரலாற்று ஆய்வாளர் போக்டான் முசியல் சுட்டிக்காட்டினார். 1999 நவம்பரில் கண்காட்சி நிறுத்தப்பட்டு, ஆய்வுக்குழு ஒன்று அமர்த்தப்பட்டது. 1,433 படங்களுள் 20க்கும் குறைவானவையே பொருந்தாதவை என்றும், அடிப்படைக் கருத்து சரியானதே என்றும் 2000இல் அக்குழு அறிவித்தது. திருத்திய கண்காட்சி 2001இல் மீண்டும் திறக்கப்பட்டு 2004 வரை நடந்தது. குற்றம் சாட்டுகிறவனும் உண்மைக்குக் கட்டுப்பட்டவனே. தவறான ஒரு படம், உண்மையான ஆயிரம் படங்களை மறுப்போர் கையில் ஆயுதமாகிவிடும்.

இக்கண்காட்சி உண்மையை ஊரறியச் செய்தது. வீட்டிற்குள்ளும் கொண்டு சேர்த்ததா? ஹரால்ட் வெல்சரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, 'தாத்தா நாஜி அல்லர்' என்று பொருள்படும். 40 குடும்பங்களில் மூன்று தலைமுறையினரோடு உரையாடி எழுதப்பட்ட நூல் அது. பேரப்பிள்ளைகளுக்கு நாஜிக் கொடுமைகள் நன்கு தெரிந்திருந்தன. ஆனால் தம் தாத்தாவின் கதையைச் சொல்லும்போது மட்டும் அவரை எதிர்ப்பு வீரராகவோ, யூதருக்கு உதவியவராகவோ பலர் மாற்றிக்கொண்டனர். தாத்தா தம் வாயாலேயே கூறிய கொடுமைகூடப் பேரனின் வாயில் நற்செயலாக உருமாறியது. அன்பே உண்மைக்குத் திரையாவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமோ?

டிரெஸ்டன் நகரின் படைவரலாற்று அருங்காட்சியகத்திற்கு இனி வருவோம். 1870களில் சாக்சனி அரசின் படைக்கலக் கொட்டிலாக எழுந்த கட்டடம் அது. மன்னராட்சி, நாஜி ஆட்சி, கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை ஆட்சி என ஒவ்வொன்றும் தன் பெருமைக்கேற்ப அங்கே காட்சிப்பொருள்களை அடுக்கியது. 2011 அக்டோபரில் அது புதுவடிவில் திறக்கப்பட்டது. யூத அழிப்பில் உயிர் தப்பிய பெற்றோருக்குப் போலந்தில் பிறந்த டேனியல் லிபெஸ்கிண்ட் என்பவரே அதன் சிற்பி. பழைய கட்டடத்தின் சீரான முகப்பை உலோகமும் கண்ணாடியுமான ஓர் ஆப்பு வடிவம் ஊடுருவிப் பிளக்கிறது. 1945 பிப்ரவரி 13 இரவில் நகரின்மீது முதற்குண்டுகள் விழுந்த திசையை அதன் முனை சுட்டுகிறது.

அம்முனை நகரின் துயரத்தை மட்டும் நினைவூட்டியிருந்தால் அது அரை உண்மையாகவே நின்றிருக்கும். அதன் உச்சித் தளத்திலோ மூன்று நகரங்களின் நடைபாதைக் கற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று 1939 செப்டம்பர் முதல் நாளில் ஜெர்மன் விமானங்கள் தாக்கிய போலந்தின் வீலூன், மற்றொன்று 1940 மே மாதம் அவை எரித்த ரோட்டர்டாம், மூன்றாவது டிரெஸ்டன். நம் கண்ணீருக்கு முன்பே பிறருடைய கண்ணீர் நம்மால் சிந்தப்பட்டது என்பதை அக்கற்கள் ஓசையின்றி உரைக்கின்றன.

டிரெஸ்டனில் மாண்டோரின் எண்ணிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1945 மார்ச்சில் உள்ளூர்க் காவல்துறை அறிக்கை 20,204 உடல்களைக் கணக்கிட்டது. நாஜிப் பரப்புரை அதன் கடைசியில் ஒரு சுழியத்தைச் சேர்த்து இரண்டு இலட்சத்திற்கு மேலாக்கியது. 1963இல் டேவிட் இர்விங் தம் நூலில் 1,35,000 என்று எழுதினார். அங்கே போர்க்கைதியாக இருந்து உயிர்பிழைத்த குர்ட் வானகட்டின் புகழ்பெற்ற புதினத்திலும் அவ்வெண் இடம்பெற்றது. மாநகராட்சி அமர்த்திய வரலாற்றறிஞர் குழு 2010இல் தந்த முடிவின்படி மாண்டோர் 25,000 பேருக்கு மேற்பட்டவரல்லர். 25,000 உயிர்கள் என்ன, சிறிய தொகையா? ஒவ்வோர் உயிரும் விலைமதிப்பற்றதெனில், மிகைப்படுத்துதலும் இறந்தோருக்கு இழைக்கும் அவமதிப்பேயாகும்.

அந்நகரில் எஞ்சியிருந்த யூதர்களுள் ஒருவர் பேராசிரியர் விக்டர் கிளெம்பரர். பிப்ரவரி 13 அன்று பகலில், பிற யூதர்களுக்கு நாடுகடத்தல் ஆணைகளைக் கொண்டுசேர்க்கும் கொடும்பணி அவர்மீது சுமத்தப்பட்டிருந்தது. அன்றிரவு நகரம் எரிந்தது. அக்குழப்பத்தில் அவர் தம் ஆடையிலிருந்த மஞ்சள் விண்மீனை அகற்றிவிட்டு மனைவியுடன் தப்பினார். 1995இல் அச்சேறிய அவருடைய நாட்குறிப்புகள் இதை நமக்குத் தெரிவிக்கின்றன. ஆயிரமாயிரம் பேரைச் சுட்ட நெருப்பே அவருக்கு விடுதலை வாயிலாயிற்று. இத்தகைய உண்மையை எந்த வெற்றித் தூணில் பொறிப்பது?

ஜெர்மன் தரைப்படை வீரரின் இடைக்கச்சைக் கொக்கியில் 'கடவுள் நம்மோடு' என்ற சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. திருப்பெயரை அணிந்த இடுப்புகளே படுகுழிகளின் ஓரத்திலும் நின்றன. ஆதலால் இவ்வரலாறு ஒரு நாட்டினருக்கு மட்டும் உரியதன்று. நம்பிக்கை கொண்டோர் அனைவரின் மனச்சான்றையும் தொடுகிறது.

ஒப்புக்கொள்ளாத குற்றம் மன்னிப்பை அறியாது என்பதை நாம் தனிமனித வாழ்வில் எளிதாக ஏற்கிறோம். நாடுகளுக்கும் அது பொருந்தும். படைக்கருவிகளை அடுக்கி வைப்பது எளிது. அவை யாரைக் கொன்றன என்று அருகில் எழுதி வைப்பதே அரிது. அந்த அரிய செயலைத் தொடங்கிய நாட்டில்கூட, தாத்தாவின் படத்திற்கு முன்னே பேரன் இன்னும் தயங்கியே நிற்கிறான். அவனை இகழ வேண்டா. அவன் நிற்கும் அவ்விடத்தில் நாம் நின்றால் எந்தப் படத்தைத் திருப்பி வைப்போம் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.