பின்னிணைப்பின் ஆயுள்

1832ஆம் ஆண்டு. ட்ரான்சில்வேனியாவின் மரோஷ்வாசார்ஹேய் நகரில் ஃபார்க்கஸ் போல்யாய் என்னும் கணித ஆசிரியர் இலத்தீனில் எழுதிய பாடநூலின் முதல் தொகுதி வெளியாயிற்று. அதன் இறுதியில் அவர் மகன் யானோஷ் எழுதிய பின்னிணைப்பு ஒன்று இருந்தது. முப்பது பக்கங்களுக்குள் அடங்கிவிடும் அப்பகுதி, யூக்ளிடின் இணைகோட்டு எடுகோளைச் சாராத புதிய வடிவியலை முன்வைத்தது. அதைப் படித்த கௌஸ், இதே முடிவுகளைத் தாமும் முன்னரே எட்டியிருந்ததால் இதைப் புகழ்வது தற்புகழ்ச்சியாகிவிடும் என்று தந்தைக்கு எழுதினார். யானோஷ் மனமுடைந்தார். 1860இல் இறக்கும்வரை கணிதத்தில் அவர் வேறெதையும் அச்சேற்றவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்னிணைப்பு பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டது. இன்று தந்தையின் நூல் நினைவுகூரப்படுவதே பெரும்பாலும் மகனின் அந்தப் பக்கங்களால்தான்.

அது பிழைத்ததற்கு ஓர் எளிய காரணமும் உண்டு. தாளைத் திறக்க எந்த இயந்திரமும் தேவையில்லை. கணினியில் எழுதுவோருக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1978இல் வந்த வேர்ட்ஸ்டாரில் எழுதிய கோப்பை இன்று ஒழுங்காகப் படிக்க மாற்றுமென்பொருளைத் தேட வேண்டியிருக்கிறது. கட்டுரையின் உடலை ஆய்விதழ் காக்கும். தரவுகளும் நீண்ட நிறுவல்களும் வினாப்பட்டியல்களும் கொண்ட பின்னிணைப்போ பல சமயம் தனிக்கோப்பாக அலைகிறது.

இந்த அச்சத்திற்கு விடைபோல அமைந்தது டொனால்ட் கனூத்தின் டெக். 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளின் தோற்றம் பிடிக்காமல், அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். அதன் மூலக்கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. எந்தக் கணினியிலும் திறக்கும். 1990இல், இனிப் புதிய வசதிகள் சேர்வதில்லை, பிழைகள் மட்டுமே திருத்தப்படும் என்று அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பெண் பையின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது.

இன்று எழுத்துப்பிழை திருத்துவதோடு நில்லாமல் பத்திகளையே எழுதித்தரும் கருவிகள் வந்துவிட்டன. 2023 முதல் பல ஆய்விதழ்கள் அவற்றின் பயன்பாட்டை ஆசிரியர் வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. என்ன கேட்டோம், என்ன பெற்றோம், எதைத் திருத்தினோம் என்று பதிவதற்குப் பின்னிணைப்பைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஆகவே கருவியைத் தேர்கையில் அதன் வேகத்தைவிட, முப்பது ஆண்டுகள் கழித்து முகமறியா ஒருவர் நம் கோப்பைத் திறந்து சரிபார்க்க முடியுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். யானோஷைக் கண்டுகொண்டவர்களும் அப்படிப் பின்னாளில் வந்தவர்களே.