டாட்டன்ஹாம் கட்டும் அவுட்லுக் கோப்பும்

கலெக்டராபீஸ் பதிவறைய நக்கல் அடிக்காதவங்க நம்மூர்ல யாருங்க? ஆனா ஒரு விஷயத்துல அவங்க நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்கள விடக் கெட்டிக்காரங்க. சென்னை மாகாணத்துல டாட்டன்ஹாம்ங்கற ஐ.சி.எஸ். அதிகாரி பேருல வந்த முறை அது. வர்ற தபாலுக்கு ஒரு நம்பர். வேலை முடிஞ்சா கட்டுக்கு ஆயுசு குறிச்சிருவாங்க: ஆர்.டிஸ். நிரந்தரம், டி.டிஸ். 10 வருசம், கே.டிஸ். 3, எல்.டிஸ். 1. கிளார்க் மாத்தலாகிப் போவாரு, கட்டு போகாது.

மின்மடல் வந்து இதைக் கெடுத்துச்சு. 1995 ஆகஸ்ட் 15ல வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்டப்புறம், பீளமேடு, கணபதி பக்கம் நான் பார்த்த சின்ன ஆபீஸெல்லாம் பாப்3தான். மடல் ஒருத்தர் பொட்டிக்கு இறங்குனதும் சர்வர்ல அழிஞ்சிரும். அவுட்லுக் அதைப் பூராவும் ஒரே பி.எஸ்.டி. கோப்புல அடைக்கும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல அதைத் திறக்க முடியாது. 2002 பதிப்பு வரைக்கும் 2 ஜி.பி.ய நெருங்குனாலே படுத்துக்கும்.

நான் இருந்த ஒரு பம்ப்செட் கம்பெனியில (பேரு வேண்டாமே) டிசைன் பார்த்தவரு வேலைய விட்டாரு. மறுநாளே அவரு பொட்டிய ஃபார்மேட் பண்ணிட்டாங்க. வார்ப்போட அளவை மாத்தச் சொன்ன கஸ்டமர் மடலும் அதோட போச்சு. "நாங்க எப்பங்க சொன்னோம்?"னுட்டாங்க. வார்த்தது அத்தனையும் எங்க தலையில.

இத்தனைக்கும் ஸ்டான்ஃபோர்டுல மார்க் கிறிஸ்பின் 1986லயே ஐமேப் உண்டாக்கிட்டாரு. மடல் சர்வர்லயே இருக்கும், எந்தப் பொட்டியில இருந்தும் பார்க்கலாம். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பொது ஐடி போட்டா அதுதான் கட்டு. சர்வர்ல இடத்துக்குக் காசு கேப்பாங்கன்னு எங்க முதலாளி ஒத்துக்கல. வார்ப்பு நட்டத்துக்கு அப்புறம்தான் ஒத்துக்கிட்டாரு.

எந்த மடலை எத்தன வருசம் வெக்கிறதுன்னு மட்டும் அங்க கடைசி வரைக்கும் யாரும் முடிவு பண்ணல. உங்க ஆபீஸ்ல எப்படிங்க?