கர்னலும் துபாஷிகளும்

கர்னல் என்றதும் பட்டாளத்துக் கர்னலை எண்ண வேண்டாம். இது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஆட்சி நடத்தும் மூல நிரல். அச்சு யந்திரம், ஒலிபெருக்கி முதலியவற்றுக்கும் அதற்கும் நடுவே நிற்கும் துபாஷிகளுக்கு டிரைவர் என்று பெயர்.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கர்னலை வெளியிட்டார். அந்த ராஜ்யத்தின் தர்மம் விசித்திரமானது. பிரஜைகளான நிரல்களுக்குக் கொடுத்த வாக்கு மாறக் கூடாது. அரண்மனைக்குள் பேசும் பாஷையோ பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். கர்னலோடு கூடி வாழும் டிரைவர்களுக்குப் புதுப் பாஷையை அங்குள்ளவர்களே கற்றுக் கொடுத்துவிடுவார்கள். தனிக்குடித்தனம் போனவை திண்டாட வேண்டியதுதான்.

செண்பகத்தோப்பின் நரை அணிலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கிளையோடு கிளை கோத்திருக்கும் வரையில் அதற்கு ராஜபாட்டை. நடுவே ஒரு மரம் போனால் பாதை அறுந்தது!

இந்த இடைவெளிக்கு 2003-ல் டெல் கம்பெனியார் பாலம் போட்டார்கள். டி.கே.எம்.எஸ். என்ற அந்த ஏற்பாடு, புதுக் கர்னல் வந்ததும் டிரைவரின் மூல நிரலை எடுத்து மறுபடி வார்த்துக் கொடுக்கும். அந்த மூலம் திருத்துவாரின்றியோ பூட்டியோ கிடந்தால், கையை விரித்துவிடும்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. ராஜபாளையத்து மில் தொழிலாளியின் மகளுக்கு அதுவே வீட்டின் முதல் கம்ப்யூட்டராக இருந்திருக்கும். கர்னல் மாறி வைஃபை ஊமையானால், பணமுள்ளவர் வேறொன்று வாங்குவார். அவள் என்ன செய்வாள்? மூலத்தைத் திறந்து வைப்பது தானமல்ல, கடமை என்பது என் அபிப்பிராயம்.

நேயர்களும் ஒன்று செய்யலாம். புதுக் கர்னல் ஒழுங்காக நடக்கிறதென்று தெரியும் வரையில் பழையதை அழித்துவிடாதீர்கள்!