இரும்புத் தலை ஃபுஜிதா

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சண்டை, மல்யுத்தம் என்றாலே ஒதுங்கிப் போகிறவர்களும் பொறுமையாகப் படிக்கலாம். இதில் சரித்திரமும் உண்டு.

2003 ஜூன் 8. ஜப்பானின் யோகோஹாமா நகரம். ஃபியோதர் எமிலியானென்கோ என்ற ரஷ்ய வீரர் மேடை ஏறுகிறார். மூன்று மாதங்களுக்கு முன்புதான் பிரேசிலின் நொகேராவை வென்று 'பிரைட்' அமைப்பின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். அதன்பின் 2010 வரை அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. எதிரே நிற்பவர் கசுயுகி ஃபுஜிதா. கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. முதல் சுற்றில் ஃபுஜிதா வீசிய வலக்கைக் குத்து ஒன்று ஃபியோதரின் தலையில் இறங்கியது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத அந்த ரஷ்யரின் கால்கள் குடித்தவர் கால்களைப் போலப் பின்னின. ஃபுஜிதாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் அவர் தப்பினார். பிறகு தெளிந்துகொண்டு, குத்திச் சாய்த்து, முதுகுப் பக்கம் ஏறிக் கழுத்தை நெரித்து 4 நிமிடம் 17 விநாடியில் வென்றுவிட்டார்.

ஆக, ஃபுஜிதா தோற்றார். ஆனால் இருபது வருடங்கள் கழித்தும் ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் எடுப்பது இந்தத் தோல்வியைத்தான். இப்படி ஒரு மனிதர் உருவாவதற்கு ஜப்பானில் ஐம்பது வருடக் கதை தேவைப்பட்டது.

அந்தக் கதைக்கு முன் ஒரு விளக்கம். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவான விஷயம். தொண்ணூறுகளில் வகுப்புப் பையன்களிடமிருந்து நான் பறிமுதல் செய்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுக்கட்டில் இருந்தவர்கள் எல்லாம் அந்த ரகம்தான். விழுவதும் வலியும் நிஜம், முடிவு மட்டும் நாடகம். எம்.எம்.ஏ. என்னும் கலப்புச் சண்டை வேறு. குத்து, உதை, பிடி, கழுத்து நெரிப்பு எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. முடிவை யாரும் எழுதி வைப்பதில்லை.

போருக்குப் பின் நொந்து கிடந்த ஜப்பானில் மல்யுத்தத்தைப் பிரபலமாக்கியவர் ரிகிடோசான். 1955ல் அவர் டோக்கியோவில் கிங்காங்கை வென்று ஆசிய சாம்பியன் ஆனார். ஆமாம், நம் ஊர்ப் பெரியவர்கள் தாராசிங்கோடு சேர்த்துச் சொல்வார்களே, அதே கிங்காங். வெள்ளைக்காரர்களை அடித்து வீழ்த்திய ரிகிடோசானை ஜப்பானே கொண்டாடியது. அவரோ பிறப்பால் கொரியர். அந்த உண்மையை மறைத்துக்கொண்டே வாழ்ந்து, 1963ல் கத்திக்குத்துப் பட்டு இறந்தார்.

அவருடைய சீடர் அன்டோனியோ இனோகி. சிறு வயதில் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ரிகிடோசான் கண்ணில் பட்டவர். 'மல்யுத்தம் வெறும் நாடகம்' என்று யாராவது சொன்னால் இனோகிக்குப் பொறுக்காது. எல்லாச் சண்டைக் கலைகளிலும் மல்யுத்தமே வலியது என்று காட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1976ல் முகமது அலியையே டோக்கியோவுக்கு வரவழைத்து மோதினார். விதிமுறைகள் கையைக் கட்டிவிட, பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். 15 சுற்று, முடிவு டிரா. பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். அலியின் கால் வீங்கியது மட்டும் நிஜம்.

1997ல் 'பிரைட்' பிறந்தது. அதன் முதல் நிகழ்ச்சியிலேயே நோபுஹிகோ தகாதா என்ற நட்சத்திர மல்யுத்த வீரர் பிரேசிலின் ரிக்சன் கிரேசியிடம் தோற்றார். ஜப்பானிய மல்யுத்த உலகத்துக்குப் பெரிய மானக்கேடு அது. பின்னால் சகுராபா கிரேசி குடும்பத்தாரை வரிசையாக வென்று அந்தக் கணக்கைத் தீர்த்தார். ஹெவிவெயிட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே! இனோகியின் முகாமிலிருந்து வந்தவர்தான் ஃபுஜிதா.

1970ல் பிறந்தவர். நிஹோன் பல்கலைக்கழகத்தில் மல்யுத்தம் பழகி, அமெச்சூர் போட்டிகளில் பேர் எடுத்தவர். ஒலிம்பிக் மேடை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. 1996ல் இனோகி தொடங்கிய நியூ ஜப்பான் அமைப்பில் சேர்ந்தார். அங்கே பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. நாடகத்துக்கு வேண்டிய நளினம் அவரிடம் இல்லை என்பது என் கருத்து.

2000 மே 1, டோக்கியோ டோம். 'பிரைட்' நடத்திய பெரும் போட்டித் தொடரின் இறுதி நாள். சகுராபாவும் ராய்ஸ் கிரேசியும் 90 நிமிடம் மோதியது அன்றுதான். அதே நாளில் ஃபுஜிதாவுக்கு எதிரில் மார்க் கெர். யாராலும் தோற்கடிக்க முடியாதவர் என்று உலகமே நம்பிய அமெரிக்கர். (2025ல் டுவைன் ஜான்சன் நடித்து வந்த படம் இவருடைய கதைதான்.) கெரின் அடிகளை ஃபுஜிதா தலையில் வாங்கிக்கொண்டார். கெர் களைத்த பிறகு மேலேறி, நடுவர்கள் தீர்ப்பில் வென்றார். 'இரும்புத் தலை' என்ற பட்டப்பெயருக்கு இந்த மாதிரிச் சண்டைகள்தான் காரணம். ஆனால் அந்த வெற்றியிலேயே காலில் காயம். அடுத்த சண்டையில் மார்க் கோல்மனுக்கு எதிராக மணி அடித்ததும் ஃபுஜிதாவின் ஆட்கள் துண்டை வீசிவிட்டார்கள். பதிவான நேரம் 2 விநாடி.

2001 ஏப்ரலில் ஸ்காட் நார்ட்டனை வென்று நியூ ஜப்பானின் ஐ.டபிள்யூ.ஜி.பி. பட்டத்தையும் பெற்றார். நாடகத்திலும் சாம்பியன், நிஜத்திலும் சண்டைக்காரர். இனோகி கனவு கண்ட ஆள் கிடைத்துவிட்டார். அதே ஆகஸ்டில் குரோஷியாவின் மிர்கோ க்ரோ காப்புடன் மோதல். காலைப் பிடிக்கக் குனிந்து பாய்ந்த ஃபுஜிதாவின் நெற்றியில் முழங்கால் விழுந்தது. தோல் கிழிந்து ரத்தம் கொட்டியது. அந்த நிலையிலும் பாய்ச்சலை நிறுத்தாமல் க்ரோ காப்பைத் தரையில் தள்ளினார்! மருத்துவர் வந்து காயத்தைப் பார்த்துச் சண்டையை நிறுத்தினார். 39 விநாடி. அடுத்த வருடம் மீண்டும் மோதி, அதிலும் தோற்றார்.

இனோகியை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தக் காலத்தில் அவர் செய்தது எனக்கு ஒப்பவில்லை. தன் கொள்கைக்காக நியூ ஜப்பான் வீரர்களை அவர் நிஜச் சண்டைக்கு அனுப்பினார். யூஜி நாகாதா நல்ல மல்யுத்த வீரர். 2001 கடைசி நாளில் க்ரோ காப்பிடம் 21 விநாடியிலும், 2003 கடைசி நாளில் ஃபியோதரிடம் 62 விநாடியிலும் அடிபட்டு விழுந்தார். மல்யுத்தத்தின் மானத்தைக் காக்கப் போய் இருந்த மானமும் போயிற்று. ரசிகர்கள் கூட்டமும் கரைந்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் அந்த வேலைக்கு உண்மையிலேயே பொருத்தமானவர் ஃபுஜிதா.

2004 டிசம்பர் 31ல் அவருக்கு எதிரே வந்தவர் எகிப்தின் கரம் இப்ராஹிம். அந்த வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வாங்கியவர். ஒலிம்பிக்கே பார்க்காத ஃபுஜிதா அவரை ஒரு நிமிடம் 7 விநாடியில் குத்தி மயக்கம் போட வைத்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த வெற்றி இதுதான்.

பிறகு இறங்குமுகம். 2006ல் பிரைட்டுக்கு யாகூசா கும்பலோடு தொடர்பு என்ற செய்திகளுக்கு நடுவே ஃபுஜி தொலைக்காட்சி ஒப்பந்தத்தை முறித்தது. அடுத்த வருடம் அமைப்பே அமெரிக்கர் கைக்கு விற்கப்பட்டது. 2007 ஏப்ரல் 8ல் நடந்த கடைசி நிகழ்ச்சியிலும் ஃபுஜிதா இருந்தார். ஜெஃப் மான்சனிடம் தோற்றார். 2009 கடைசி நாளில் ஓவரீமின் முழங்கால் அவரை நினைவிழக்கச் செய்தது. 2016ல், 45 வயதில், செக் நாட்டு இளைஞர் யிரி புரோஹாஸ்காவிடம் மறுபடியும் அதே கதி. பின்னால் யு.எஃப்.சி. சாம்பியன் ஆன இளைஞர் அவர். தலை தாங்கும் என்பதற்காக ஒரு மனிதனைத் திரும்பத் திரும்ப அடி வாங்க வைத்ததை என்னால் கைதட்டிப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அவர் மல்யுத்தத்துக்கே திரும்பினார், இந்த முறை 'நோவா' என்ற அமைப்பில். 2020 மார்ச் 29, கொரோனா காலம். டோக்கியோவின் கொராகுவென் அரங்கில் ஒரு பார்வையாளர்கூட இல்லை. கோ ஷியோசாகியுடன் பட்டத்துக்கான போட்டி. மணி அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றார்கள். ஒரு நிமிடம், பத்து நிமிடம், கிட்டத்தட்ட அரை மணி நேரம்! ஒரு அடி விழவில்லை, ஒரு சத்தம் இல்லை. அதன்பின்தான் சண்டை தொடங்கியது. மொத்தம் 57 நிமிடத்துக்கு மேல் நடந்து ஷியோசாகி வென்றார். முன்கூட்டியே முடிவு செய்த ஆட்டம்தான். இருந்தாலும் அந்த நிற்றலில் ஃபுஜிதாவின் கண்ணைப் பார்த்தால் நாடகம் என்று தோன்றாது.

2022 பிப்ரவரியில் கட்சுஹிகோ நகாஜிமாவை வென்று, 51 வயதில் அந்தப் பட்டத்தையும் பெற்றார். இரண்டு மாதத்துக்குள் கொரோனா தொற்று. களத்தில் தோற்காமலே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த 2020 போட்டியின் காணொளி கிடைத்தால் பாருங்கள். முதல் அரை மணி நேரத்தை ஓட்டிவிடாதீர்கள்.