சாமியில்லாப் பொங்கல் பிறந்த கதை

புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது ஒரு பொங்கலன்று. 1974 ஜனவரி 14ஆம் தேதி, திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வட்டங்களைப் பிரித்தெடுத்து மாவட்டத்தை அமைத்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1969 ஜனவரி 14ஆம் தேதி, சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் மாறியதும் பொங்கலன்றுதான். இரண்டும் தற்செயலாக அமைந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா மதத்தாரையும் சாதியாரையும் ஒரே வாசலில் நிறுத்தக்கூடிய நாள் ஒன்று வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தை முதல் நாள். பொங்கலுக்கு இந்த இடம் தானாகக் கிடைக்கவில்லை. சிலர் பாடுபட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

கடவுள் நம்பிக்கை உள்ளவர் வீட்டில் பானை பொங்கும்போது சிக்கல் எதுவும் இல்லை. கிழக்கே பார்த்துக் கும்பிடுவார்கள், படையல் போடுவார்கள், பிறகு சாப்பிடுவார்கள். நம்பாதவர் வீட்டிலும் அதே பச்சரிசிதான், அதே வெல்லம்தான், பானைக் கழுத்தில் அதே மஞ்சள் கொத்துதான். பால் பொங்கி வழியும்போது மனசு நிறைகிறதே, அந்த நிறைவை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

1925இல் சுயமரியாதை இயக்கம் தொடங்கியபோது பெரியாரும் அவருடைய தோழர்களும் பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தார்கள். தீபாவளி கூடாது என்றார்கள். பிள்ளையார் சதுர்த்தி கூடாது என்றார்கள். ஆனால் மனிதர்கள் கூடி மகிழ்வதை அவர்கள் எதிர்க்கவில்லை. கல்யாணத்திலிருந்து புரோகிதரை எடுத்துவிட்டு, மாலை மாற்றலையும் வாழ்த்துரையையும் வைத்தார்கள். 1928இல் அப்படி நடந்த முதல் திருமணம், 1967இல் அண்ணா முதல்வரான பிறகு சட்டப்படி செல்லுபடியானது. பண்டிகைகளில் பெரியார் மனமார ஏற்றுக்கொண்டது பொங்கலை. அது உழவின் விழா, பருவத்தின் விழா. இந்திரனும் போகியும் சங்கராந்தியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கதைகள் என்பது அவர் வாதம். அவற்றை உரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது விளைச்சல், அதை விளைவித்தவர்கள், சேர்ந்து உண்பது. இந்த மூன்றும் போதும் என்று அவர் நினைத்தார்.

இதில் நாத்திகர்களுக்கு மட்டும் பங்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொங்கலைத் தமிழர் திருநாளாக உயர்த்திப் பிடித்தவர்களில் மறைமலையடிகள் போன்ற பழுத்த சைவர்களும் உண்டு. கடவுள் விஷயத்தில் அவர்களும் சுயமரியாதைக்காரர்களும் ஜென்மப் பகை. ஆனாலும் 1938 வாக்கில், கட்டாய இந்தியை எதிர்த்த காலத்தில், இரு தரப்பும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த உறவு பொங்கலுக்கு நல்லதாகப் போயிற்று. கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் ஒரே விழாவைத் தங்களுடையது என்று சொல்ல வழி பிறந்தது.

கும்பிடாத நன்றிக்கு எழுத்து வடிவம் ஒன்று வெளிநாட்டில் முன்பே இருந்தது. அமெரிக்காவில் 1863இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமையைக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளாக அறிவித்தார். அங்கே அன்றைக்கும் பெரிய விருந்துதான். 1897இல் ராபர்ட் இங்கர்சால் என்ற பகுத்தறிவாளர் அதே நாளின் பெயரால் ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். நாம் பட்ட துன்பம் குறைந்திருக்கிறது, வாழ்வு மேம்பட்டிருக்கிறது. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டார். தேவாலயத்துக்கா என்று விசாரித்து இல்லை என்றார். பிறகு கண்டுபிடித்தவர்களுக்கும் சிந்தித்தவர்களுக்கும், கலிலியோவுக்கும் டார்வினுக்கும் பேர் சொல்லி நன்றி சொன்னார். இந்த இங்கர்சாலின் எழுத்துகளைத்தான் சுயமரியாதை இயக்கம் தமிழில் மலிவு விலைப் புத்தகங்களாகப் போட்டது. அண்ணாவுக்கும் அவர் மீது பெரும் மதிப்பு உண்டு. அந்தச் சொற்பொழிவைப் படித்துவிட்டுத்தான் இங்கே பொங்கலை மாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றியை மனிதர் பக்கம் திருப்பலாம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்குப் புதிதாக இருந்திருக்காது என்றுதான் சொல்கிறேன்.

நம்மிடமும் அதற்குப் பழைய வேர் உண்டு. சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகிறது. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அதில் வருவதெல்லாம் மனிதர் மனிதருக்குச் செய்த உதவி. 1949 ஜனவரியில், பொங்கலை ஒட்டித்தான் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாட்டைக் கூட்டினார்.

கடல் கடந்தும் இந்தக் கதை நடந்தது. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாள் கொண்டாட்டத்தைத் தொடங்கிவைத்தார். அவர் சுயமரியாதைக்காரர். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் எதையும் நம்பாதவரும் தமிழர் என்ற ஒன்றை வைத்தே கூடட்டும் என்று அவர் விரும்பினார். பேச்சுப் போட்டி, பாட்டு, நாடகம் என்று அந்த விழா மலாயா முழுவதும் பரவியது.

எங்கள் வீட்டில் என் அய்யா கருப்புச் சட்டைக்காரர், அப்பத்தாவோ சூரியனைப் பார்த்ததும் கை கூப்புகிறவர். அய்யா அதைத் தடுத்ததே இல்லை. எல்லோரும் இலை முன் உட்கார்ந்ததும் அவர் இரண்டு நிமிடம் பேசுவார். கட்சிக் கூட்டங்களின் கடைசியில் ஒருவர் எழுந்து தலைமை தாங்கியவரிலிருந்து பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர் வரை பேர் சொல்லி நன்றி கூறுவாரே, அதே முறை. நாற்றுப் பறித்தவர், நட்டவர், களை எடுத்தவர், கண்மாய் மடை திறந்தவர், அறுத்தவர், நெல் அவித்தவர், மில்லில் அரைத்தவர், பானை வனைந்தவர் என்று வரிசையாகப் பேர்கள் வரும். கடைசியில் அடுப்படியில் நின்ற பெண்களின் பேர்கள். பல காய்க் குழம்பு ஆறிப்போகிறது என்று நாங்கள் முணுமுணுப்போம். நன்றியுரையை இலைக்குக் கொண்டுவந்தது அவருடைய சொந்த ஏற்பாடா, தோழர்கள் யாரிடமாவது பார்த்ததா என்று நான் கேட்டதில்லை. இயக்கத்து வீடுகளுக்கு அது இயல்பான விஷயம்தான். மேடையில் பழகியதைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவருவதில் என்ன தூரம்?

அந்த முறையின் அருமை எனக்குப் புரிந்தது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலை புயல் கரை கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. மின்கம்பங்கள் முறிந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் போன்ற பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள். வயலுக்குள் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள், பள்ளிக்கூடங்களில் தூங்கினார்கள். தோப்பை இழந்து நின்றவர்களே அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். அடுத்து வந்த 2019 பொங்கல் எங்கள் பக்கம் மிக எளிய பொங்கல். அந்த வருஷம் நன்றி யாருக்கு என்ற கேள்விக்கே இடமில்லை. கம்பத்தில் ஏறியவர்களின் முகம் எல்லோருக்கும் நினைவில் இருந்தது.

இந்தக் கதையில் இன்னும் முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. உழைத்தவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் கிராமத்தில் எப்போதும் உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்டுதான். பொங்கலுக்கு நிலக்காரர் வீட்டு வாசலில் நெல்லும் வேட்டியும் சேலையும் கொடுப்பார்கள். வாங்குகிறவர் வாசலோடு நின்று வாங்கிக்கொண்டு போவார். அறுத்தவர் கீழே நிற்க, அறுக்காதவர் திண்ணையில் நின்று கொடுத்ததை நன்றி என்று என்னால் சொல்ல முடியாது. கடவுளை எடுத்துவிட்டுச் சாதியை அப்படியே விட்டுவைத்தால் அது பாதிப் பகுத்தறிவு. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அடுத்த மூன்றாவது வாரம் பொங்கல். சமத்துவப் பொங்கல் என்று கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பானை வைப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரே தொட்டித் தண்ணீரில் அந்தப் பானை பொங்குகிறதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அய்யாவின் பட்டியலில் வந்த பேர்க்காரர்கள் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது இல்லாமல் பேர் சொல்வதில் பொருளில்லை என்று அவர் உறுதியாக இருந்தார்.

இப்போது பட்டியலே மாறிவருகிறது. அறுப்புக்குப் பெரும்பாலும் இயந்திரம் வருகிறது, அதை ஓட்டுகிறவர் ஆத்தூர், நாமக்கல் பக்கத்துக்காரராக இருக்கிறார். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து குழுக்கள் வருகின்றன. ஒரே நாளில் ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். பொங்கலுக்கு முன்பே கிளம்பிவிடுவதால் இலை போட்டு உட்காரவைக்க முடிவதில்லை. நடவு நடக்கும்போதே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட வேண்டும், பேரும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். தை முதல் நாள் வாசிக்கிற பட்டியலில் வங்காளப் பேர்களைப் பிள்ளைகள் தப்பில்லாமல் உச்சரிக்கப் பழக வேண்டும்.